அதே 1,200 சதுர அடி... ஒரு மனையில் வீடு வரும், இன்னொன்றில் சிக்கல் வரும்! முன்பக்க அகலமும் சாலை அகலமும் ஏன் முக்கியம்?

மனை வாங்கப் போகும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடி என்ன ரேட்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "பஸ் ஸ்டாண்ட்ல இருந்து எவ்வளவு தூரம்?" மனைக்கு முன்னால் உள்ள சாலை எத்தனை அடி, அந்தச் சாலையை ஒட்டி மனை எத்தனை அடி இருக்கிறது என்ற கேள்விகள் பெரும்பாலும் பத்திரம் முடிந்த பிறகுதான் வருகின்றன. கட்டட அனுமதிக்குப் போகும்போது, "இந்த இடத்துல இவ்வளவுதான் கட்ட முடியும்" என்று இன்ஜினியர் சொல்லும்போது பலருக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.

விலை சதுர அடியை வைத்துப் பேசப்படுகிறது. ஆனால் அங்கு என்ன கட்டலாம் என்பதைச் சாலையின் அகலமும் மனையின் வடிவமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டில் இந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன? பார்க்கலாம்.

விதிகளை முடிவு செய்வது யார்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ., மற்ற மாவட்டங்களுக்கு டி.டி.சி.பி. ஆகியவை இந்தச் சட்டத்தின் கீழ் மனைப்பிரிவுகளுக்கும் கட்டடங்களுக்கும் திட்ட அனுமதி தருகின்றன. முன்பு சென்னைக்கு ஒரு விதி, மாநகராட்சிக்கு ஒரு விதி, ஊராட்சிக்கு ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தன. 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றை ஒரே தொகுப்பாக்கின. அதன் பிறகும் இந்த விதிகளில் பல திருத்தங்கள் வந்துள்ளன.

அதே 1,200 சதுர அடி... மூன்று வடிவங்கள்

அரை கிரவுண்ட் என்றால் 1,200 சதுர அடி. இது 30-க்கு 40 ஆகவும் இருக்கலாம், 20-க்கு 60 ஆகவும் இருக்கலாம், 15-க்கு 80 ஆகவும் இருக்கலாம். பத்திரத்தில் மூன்றும் ஒன்றுதான். ஆனால் வீடு கட்டும்போது சுற்றிலும் காலி இடம் விட வேண்டும். இதைத்தான் 'செட்பேக்' என்கிறார்கள்.

கணக்குப் புரிவதற்காக, முன்பக்கம் 5 அடி, பின்பக்கம் 3 அடி, இரு பக்கமும் தலா 3 அடி விடுவதாக வைத்துக்கொள்வோம்.

* 30-க்கு 40 மனை: வீட்டுக்குக் கிடைப்பது 24-க்கு 32. அதாவது 768 சதுர அடி.
* 20-க்கு 60 மனை: கிடைப்பது 14-க்கு 52. அதாவது 728 சதுர அடி.
* 15-க்கு 80 மனை: கிடைப்பது 9-க்கு 72. அதாவது 648 சதுர அடி.

முதல் இரண்டுக்கும் பரப்பில் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். வித்தியாசம் அகலத்தில்தான் இருக்கிறது. 14 அடியில் இரு பக்கச் சுவர்களும் போனால் உள்ளே சுமார் 12 அடிதான் மிஞ்சும். அதற்குள் கார் நிறுத்தவும், மாடிப்படி வைக்கவும், ஹாலுக்கு வெளிச்சம் வரவும் வழி தேட வேண்டும். மூன்றாவது மனையில் உள்ளே 8 அடிகூடத் தேறாது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத்தான் அறைகள் வரும்.

குறுகலான மனைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விட்டால் போதும் என்ற சலுகை விதிகளில் உண்டு. அப்படிப் பார்த்தால் 15 அடி மனையில் 12 அடி கிடைக்கும். எந்தப் பக்கம் எத்தனை அடி விட வேண்டும் என்பது மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே பதிவுபெற்ற இன்ஜினியர் ஒருவரிடம் மனை அளவைக் காட்டி ஒரு ஸ்கெட்ச் போட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய ரோடு என்றால் எப்போதும் லாபமா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சாலை அகலமாக ஆக ஆக, முன்பக்கம் விட வேண்டிய இடமும் கூடும். உயர்மாடி அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்குப் பொதுவான அளவு இது:

* 9 மீட்டர் வரை அகலமுள்ள சாலை: 1.5 மீட்டர்
* 9 முதல் 18 மீட்டர் வரை: 3 மீட்டர்
* 18 முதல் 30.5 மீட்டர் வரை: 4.5 மீட்டர்
* அதற்கு மேல்: 6 மீட்டர்

மேலே சொன்ன அதே 30-க்கு 40 மனை, 18 மீட்டருக்கு மேல் அகலமான மெயின் ரோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 4.5 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 அடி விட வேண்டும். 40 அடி ஆழத்தில் முன்னால் 15, பின்னால் 3 போனால் மிச்சம் 22 அடி. வீட்டுக்குக் கிடைப்பது 24-க்கு 22, அதாவது 528 சதுர அடி. உள்தெருவில் 768 சதுர அடி கிடைத்த அதே அளவு மனைதான் இது. மெயின் ரோடு என்பதால் விலையும் அதிகமாக இருந்திருக்கும்!

அப்படியானால் பெரிய ரோட்டால் யாருக்கு லாபம்? பெரிய மனை வைத்திருப்பவருக்கு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குக்கு எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2. அதாவது 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். இதற்கு மேல் கட்ட விரும்பினால் கட்டணம் செலுத்தி 'பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.' வாங்க வேண்டும். அதுவும் சாலையைப் பொறுத்ததுதான். 2019 விதிகளின்படி 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் உள்ள சாலைக்கு 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டருக்குள் 40 சதவீதம், 18 மீட்டரும் அதற்கு மேலும் 50 சதவீதம். உயர்மாடிக் கட்டடங்களுக்கான 3.25 எஃப்.எஸ்.ஐ. முழுமையாகக் கிடைக்கவும் 18 மீட்டர் சாலை வேண்டும்.

சாலை அகலத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? காரணம் எளிது. ஒரு தெருவில் எத்தனை குடும்பங்கள் வருகிறதோ, அத்தனை வண்டிகளும் அந்தத் தெருவில்தான் வரும். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கழிவுநீர் லாரி எல்லாம் அதே வழியில்தான் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்கம்பம் என அத்தனைக்கும் இடம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வரும் சிக்கல்

அப்பா வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்ட் மனை. முன்பக்கம் 40 அடி, ஆழம் 60 அடி. இரண்டு பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 20-க்கு 60. இருவருக்கும் ரோடு முகப்பு கிடைக்கும், ஆனால் இரண்டும் குறுகலான மனைகள். குறுக்குவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 40-க்கு 30. வடிவம் அருமை, ஆனால் பின்னால் இருப்பவருக்கு ரோடே கிடையாது. முன்மனையில் 12 அடி அகலத்தில் பாதை விட்டால், 30 அடி ஆழத்துக்கு 360 சதுர அடி போய்விடும். அதை யார் கணக்கில் கழிப்பது?

"பாதைதானே, நமக்குள்ள பாத்துக்கலாம்" என்று வாயால் பேசி முடிப்பதுதான் பிற்காலத்தில் கோர்ட் வரை இழுக்கிறது. பின்மனைக்குப் போகும் பாதைக்கும் விதிகளில் குறைந்தபட்ச அகலம் உண்டு. பாதையின் அகலமும் நீளமும், யாருக்கு என்ன உரிமை என்பதும் பத்திரத்திலேயே வரைபடத்துடன் எழுதப்பட வேண்டும். மனையை உட்பிரிவு செய்வதற்கும் அனுமதி தேவை.

லே-அவுட் போடுபவர் என்ன தர வேண்டும்?

பெரிய நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகளை உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதிப் பரப்பில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். இதைத்தான் 'ஓ.எஸ்.ஆர்.' நிலம் என்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை நிலம் ஒதுக்க முடியாத நிலையில் அதற்குரிய வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் தர வேண்டும்.

சாலையும் பூங்காவும் விற்பனையாளருக்குக் காசு தராத இடங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் முதலில் சுருங்குவதும் இவைதான். அதனால்தான் அந்த மனைகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன. குறைந்த விலைக்கான பாக்கியை, பின்னாளில் மழைநீர் தேங்கும்போதும் ஆம்புலன்ஸ் திரும்ப முடியாதபோதும் அங்கே குடியிருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல், அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்ய மறுக்க வகை செய்யும் பதிவுச் சட்டப் பிரிவு 22-ஏ நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம் அறிவிக்கப்பட்டு, அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால் உஷாராக வேண்டும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது லே-அவுட் அனுமதி ஆகாது. டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. தந்த அனுமதி எண்ணும் வரைபடமும் இருக்க வேண்டும்.

சிறிய வீடு கட்டுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி

2024 ஜூலையில் சுயசான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனடியாக அனுமதி பெறலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதிகாரி வந்து பார்ப்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லையே தவிர, செட்பேக் விதி ரத்தாகவில்லை. 'விதிப்படி கட்டுகிறேன்' என்று சான்று தருவது உரிமையாளர்தான். மீறினால் பொறுப்பும் அவருடையதே.

முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* லே-அவுட் வரைபடத்தில் உங்கள் மனை எண்ணும், முன்னால் உள்ள சாலையின் அகலமும் என்ன?
* நேரில் டேப் வைத்து அளந்தால் அதே அகலம் வருகிறதா? பிளக்ஸ் போர்டில் உள்ள '30 அடி ரோடு' தரையிலும் இருக்கிறதா?
* சாலை உள்ளாட்சி அமைப்புக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதா, இன்னும் தனியார் பெயரிலேயே இருக்கிறதா?
* பத்திரத்தில் நான்கு பக்க எல்லைகளும் ஒவ்வொரு பக்கத்தின் அளவும் தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா? மொத்தச் சதுர அடி மட்டும் போதாது.
* மனையின் முன்பகுதி சாலை விரிவாக்கத்தில் போகுமா? உள்ளாட்சி அலுவலகத்திலோ திட்ட அலுவலகத்திலோ கேட்டீர்களா?
* மூலை மனை என்றால், திருப்பத்தில் முனையை வெட்டி விட வேண்டிய இடம் எவ்வளவு?

விதிகளில் திருத்தம் வந்துகொண்டே இருப்பதால், கட்டும் நேரத்தில் நடப்பில் உள்ள அளவைச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டின் பிளானை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வரையலாம். மனையின் முன்பக்க அகலத்தையும் அதன் முன்னால் போகும் சாலையையும் வாங்கிய பிறகு மாற்ற முடியாது.