நாற்சந்தியில் காமிராக் காவல்

கிராமத்துச் சாலை நெடுஞ்சாலையோடு கூடும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் பால் கொண்டு செல்வோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகள், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆகிய யாவும் அங்கே வந்துதான் சாலையைக் கடக்கின்றன. அதே இடத்தில் தொலைதூரப் பஸ்களும் லாரிகளும் வேகமாக வருகின்றன. இந்தியாவில் 2022-ம் ஆண்டில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 68 பேர் கிராமப் பகுதிகளில் மாண்டவர்கள். அவ்வாண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள் நேர்ந்தன. 17,884 பேர் உயிர் நீத்தனர். ஆகவே, சாலை விதிகள் பட்டணவாசிகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவது பெருந் தவறாகும்.

இவ்விதிகளை மக்கள் மதித்து நடக்கும்படி செய்யப் பல நகரங்களின் நாற்சந்திகளில் காமிராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. பட்டணத்துக்குப் போய்த் திரும்பிய சில நாட்களில் அபராத அறிவிப்பு வரக் கண்டு, “அங்கே போலீஸ்காரர் ஒருவரும் இல்லையே!” என்று திகைப்போர் உண்டு. இக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதனால் விளையும் நன்மை யாது, அதன் குறை யாது, நம் உரிமையும் கடமையும் யாவை என்பவற்றைக் கிராம மக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

விளக்கும் காமிராவும் பிறந்த கதை

போக்குவரத்து விளக்கு மோட்டார் வண்டிக்கு முன்பே பிறந்தது. 1868-ம் ஆண்டு டிசம்பரில், லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே, வாயுவினால் எரியும் விளக்கு ஒன்று குதிரை வண்டிகளைக் கட்டுப்படுத்துவதற்காக நிறுவப்பட்டது. அதைப் போலீஸ்காரர் ஒருவர் கையால் இயக்கினார். மறு மாதமே வாயு கசிந்து அது வெடித்துவிட்டது. பின்னர் மின்சாரம் வந்தது. விளக்குகள் தாமே மாறலாயின. ஆனால், விளக்கை மதியாமல் செல்பவரைப் பிடிக்க ஆள் நின்றே ஆகவேண்டும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

இந்நிலையை மாற்றிய கருவிகளுக்கு வழிகோலியவர் ஹாலந்து நாட்டின் மாரிஸ் காட்சோனிடெஸ் என்னும் கார்ப் பந்தய வீரர். 1953-ம் ஆண்டில் மான்டி கார்லோ பந்தயத்தில் வெற்றி பெற்றவர் அவர். வளைவுகளில் தம் கார் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று கணக்கிட்டு, இன்னும் விரைந்து ஓட்டுவதற்காகவே அவர் ஒரு கருவியை அமைத்தார். வேகத்தைக் கூட்டப் பிறந்த அக்கருவி, வேகத்தை அடக்கும் போலீஸாரின் துணைவனாக மாறியது விந்தையே.

கருவி இயங்கும் விதம்

சந்திப்பில் வண்டிகள் நிற்பதற்காக வெள்ளைக் கோடு ஒன்று இடப்பட்டிருக்கும். பழைய முறையில், அக்கோட்டை ஒட்டித் தார்ச் சாலையின் அடியில் கம்பிச் சுருள்கள் பதிக்கப்படும். அவற்றின் வழியே சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இரும்பினால் ஆன வண்டி மேலே சென்றால் அம்மின்னோட்டத்தில் மாறுதல் ஏற்படும். வண்டி கடந்தது என்பதைக் கருவி அறிந்துகொள்ளும். புதிய முறையில், ரேடார் அலைகளைக் கொண்டோ, ஓயாமல் எடுக்கப்படும் படங்களைக் கணிப்பொறி ஆராய்வதைக் கொண்டோ இது அறியப்படுகிறது.

சிவப்பு விளக்கு எரியும்போது வண்டி கோட்டைக் கடந்தால்தான் காமிரா விழித்தெழும். பொதுவாக இரண்டு படங்கள் எடுக்கப்படும். வண்டி கோட்டருகே இருக்க, விளக்கு சிவப்பாக எரிவதை முதற்படம் காட்டும். வண்டி சந்திப்பின் நடுவே சென்றுவிட்டதை இரண்டாவது படம் காட்டும். இரண்டு படங்கள் ஏன் எனில், கோட்டைச் சற்றே தாண்டி நின்றுவிட்டவரையும், துணிந்து பாய்ந்து சென்றவரையும் பிரித்தறிவதற்காகவே. பிறகு கணிப்பொறி எண் பலகையைப் படித்து, வண்டி யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதைக் கண்டறியும்.

மஞ்சள் விளக்கின் கணக்கு

இங்கே அதிகாரிகளும் மக்களும் ஒருங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். மஞ்சள் விளக்கைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கே சுமார் ஒரு விநாடி ஆகும். அதன் பின் நிதானமாக நிறுத்த மேலும் 32 மீட்டர் வேண்டும். ஆகவே, கோட்டிற்கு 46 மீட்டருக்குள் வந்துவிட்டவர் மஞ்சளைக் கண்டு நிதானமாக நிற்க இயலாது. கடந்துதான் செல்ல வேண்டும். அவர் கோட்டை அடைய மூன்று விநாடிக்குச் சற்று மேலாகும். மஞ்சள் விளக்கு அவ்வளவு நேரம் எரியாமல் இரண்டே விநாடியில் சிவப்பாக மாறினால், குற்றமற்றவரும் குற்றவாளியாகிவிடுவார். எனவே, காமிராவைப் பொருத்துமுன் மஞ்சள் விளக்கின் நேரத்தைச் சரி பார்ப்பதே முதற் கடமையாகும்.

கண்ட பயன்

சிவப்பு விளக்கில் பாய்வோரால் நேரும் விபத்து பெரும்பாலும் பக்கவாட்டு மோதலாகும். வண்டியின் முன்புறத்தில் எஞ்சினும் இரும்புச் சட்டமும் ஓரளவு காப்பளிக்கும். பக்கத்திலோ கதவு ஒன்றுதான் காப்பு. இரு சக்கர வண்டியில் செல்பவருக்கு அதுவும் இல்லை. ஆகவே இவ்வகை மோதல் கொடியது.

அமெரிக்காவில் ஏழு வட்டாரங்களைச் சேர்ந்த 132 சந்திப்புகளை ஆராய்ந்து 2005-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. காமிராக்கள் வந்த பின் பக்கவாட்டு மோதல்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 25 வீதம் குறைந்தன என்றும், முன் வண்டியின் பின்புறத்தில் மோதும் விபத்துக்கள் நூற்றுக்கு 15 வீதம் கூடின என்றும் அது கூறிற்று. முன்னே செல்பவர் காமிராவுக்கு அஞ்சித் திடீரென நிறுத்த, இடைவெளியின்றிப் பின்தொடர்பவர் வந்து மோதுவதே இதன் காரணம். ஹூஸ்டன் நகர மக்கள் 2010-ம் ஆண்டில் வாக்களித்துக் காமிராக்களை அகற்றச் செய்தனர். அந்நகரின் விபத்துக்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், காமிராக்களால் மொத்த விபத்துக்கள் குறைந்ததாகச் சான்று இல்லை என்றனர். ஷிகாகோவில் காமிரா ஒப்பந்தத்துக்காகக் கையூட்டுப் பெற்ற நகர அதிகாரி ஒருவர் 2016-ம் ஆண்டில் சிறைத் தண்டனை பெற்றார்.

இவற்றால் நாம் அறிவது யாதெனில், காமிராவை எங்கே, எதற்காக வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் விளையும் என்பதாகும். பக்கவாட்டு மோதல்கள் மிகுந்த இடத்தில் அது உயிர்களைக் காக்கும். வருமானத்தை எண்ணி வைத்தால் மக்களின் நம்பிக்கை போய்விடும்.

நம் நாட்டுச் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, நெடுஞ்சாலைகளையும் நகரச் சாலைகளையும் மின்னணுக் கருவிகளால் கண்காணிப்பதற்கு 136-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிவப்பு விளக்கை மீறுதல் ஆபத்தான முறையில் ஓட்டுதலாகக் கொள்ளப்படும் என்றும் அத்திருத்தம் வகுத்தது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான விதிகள் இக்கருவிகளுக்கும் கட்டுப்பாடு விதித்தன. கருவி அங்கீகாரச் சான்று பெறவேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காமிரா இருப்பதை அறிவிக்கும் பலகை கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். குற்றத்தையும் எண் பலகையையும் காட்டும் படம், இடம், தேதி, நேரம், மீறப்பட்ட சட்டப் பிரிவு ஆகியவை அறிவிப்பில் இருத்தல் வேண்டும்.

அண்டை மாநிலமாகிய கேரளம் 2023-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி முதல் 726 காமிராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியது. அவற்றில் 675 தலைக்கவசம் அணியாமை, இருக்கைப் பட்டை அணியாமை போன்ற குற்றங்களுக்கானவை. சிவப்பு விளக்கை மீறுவோரைக் கண்டுபிடிப்பதற்கானவை 18 மட்டுமே.

கிராம மக்கள் செய்ய வேண்டியவை

அறிவிப்பு வந்தால் அஞ்சவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி உங்களுடையதுதானா? எண் சரியாகப் படிக்கப்பட்டுள்ளதா? விளக்கு சிவப்பாக எரிவது தெரிகிறதா? காமிரா ஒரு சாட்சிதான். தீர்ப்பளிக்கும் நீதிபதி அன்று. தவறு இருப்பின் உரிய காலத்திற்குள் ஆட்சேபம் தெரிவிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆம்புலன்சுக்கு வழிவிட்டதனால் கோட்டைத் தாண்ட நேர்ந்திருந்தால் அதையும் எடுத்துரைக்கலாம்.

கிராமங்களில் பழைய மோட்டார் சைக்கிளைக் கைமாற்றி விட்டுப் பெயர் மாற்றாமல் இருந்துவிடும் வழக்கம் மிகுதி. வாங்கியவர் செய்யும் குற்றத்திற்கு விற்றவர் வீட்டிற்கே அறிவிப்பு வரும். மாநிலத்திற்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். முகவரியும் தொலைபேசி எண்ணும் மாறினால் அவற்றையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

அபராதம் என்று பொய்ச் செய்தி அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டமும் உண்டு. கைபேசிக்கு வரும் இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பதே பாதுகாப்பு. விவரம் அறிந்த இளைஞர்கள் முதியோருக்கு இதில் உதவலாம்.

விளக்கும் காமிராவும் இல்லாத கிராமச் சந்திப்புகளே நம் நாட்டில் மிகுதி. அங்கே நெடுஞ்சாலையில் ஏறுமுன் கிளைச் சாலையில் வேகத்தடை, பார்வையை மறைக்கும் முட்செடிகளை வெட்டுதல், இரவில் ஒரு நல்ல விளக்கு, எச்சரிக்கைப் பலகை ஆகியவை குறைந்த செலவில் பல உயிர்களைக் காக்கும். தம் எல்லையில் அடிக்கடி விபத்து நேரும் சந்திப்புகளைப் பட்டியலிட்டு, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நெடுஞ்சாலைத் துறைக்கும் போலீஸாருக்கும் அனுப்புதல் ஊராட்சிகளின் கடமையாகும். இத்தகைய தீர்மானத்தை வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே கொண்டுவர ஒவ்வோர் ஊரும் முன்வருமாக.