காற்றின் மேல் நிற்கும் கார்

ரொறன்ரோவில் ரீரீசி பேருந்து தரிப்பில் நின்றதும் 'புஸ்' என்ற ஓசையோடு வாசல் பக்கமாகத் தாழும். கைத்தடியோடு நிற்கும் பாட்டி ஏறியதும் மறுபடி நிமிரும். அத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது இரும்புச் சுருள்வில் அல்ல, இரப்பர் பைகளுக்குள் அடைபட்ட காற்று.

கார்களுக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல. 1957இல் வந்த கடிலாக் எல்டொராடோ புரோம் நான்கு சக்கரத்திலும் காற்றுப்பையோடு ஓடியது; கசிவுத் தொல்லை பொறுக்காமல் பலர் அதைக் கழற்றிச் சுருள்வில் பூட்டினார்கள். 1984 மாடல் லிங்கன் மார்க் 7இல், உயரம் பார்க்கும் உணரிகளும் கணினியும் சேர, அது திரும்பி வந்தது. நம் ஊரில் நன்கு பழகிய உதாரணம் லிங்கன் ரவுன் கார். பியர்சன் விமான நிலையத்தில் நெடுங்காலம் லிமோசினாக ஓடிய அந்தக் கறுப்புக் கார்தான். கடைசிக் காலத்து ரவுன் கார்கள் ஒன்ராறியோவின் சென் தோமஸ் ஆலையில் செய்யப்பட்டவை. 2011இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. இன்று ஓடுபவற்றில் ஆக இளையதற்கே வயது போய்விட்டது.

ரவுன் காரில் பின்பக்கம் இரண்டு பைகள். நைலோன் நூல் பின்னிய இரப்பர்க் குழாய் ஒன்று, மடித்துவிட்ட சட்டைக்கைபோல, கீழே உள்ள கட்டையின் மேல் உருண்டு ஏறி இறங்கும். பையின் தாங்கும் பரப்பு 100 சதுர சென்ரிமீட்டர், அதன் மேல் பாரம் 450 கிலோ என்று வைத்தால், சதுர சென்ரிமீட்டருக்கு 4.5 கிலோ அழுத்தம் வேண்டும். சாதாரணக் கார் ரயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய இருமடங்கு இது. டிக்கியில் நான்கு பெட்டி ஏறினால் கார் பின்னால் குந்தாது. உணரி சொல்ல, கம்பிரசர் காற்றை நிரப்பிப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும்.

இரப்பர் முதலில் வெடிப்பது அந்த மடிப்பில்தான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் மடிந்து நிமிர்ந்து, ஓசோன் பட்டு, மயிரிழைக் கீறல்கள் விழும். குளிர்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பும் மணலும் மடிப்புக்குள் புகுந்து அரைக்கும். மைனஸ் 20 பாகையில் இரப்பர் விறைத்துப்போவதால் கோடையில் வாய் திறக்காத கீறலும் அப்போது திறக்கும். குளிருக்குக் காற்றே சுருங்கும் என்பதையும் மறக்கக்கூடாது: 20 பாகைக் கராஜிலிருந்து மைனஸ் 20க்கு வந்த பையில், பாரம் மாறாதபோது, காற்றின் கனவளவு ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரேயளவு சற்றுத் தாழ்ந்தால் குளிரின் வேலையாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் இரவோடு இரவாகப் படுத்தால் அது கசிவு.

காரை எழுப்பியதும் மறுபடி நிமிர்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கேடு தொடங்குவது அங்கேதான். கம்பிரசர் இழுக்கும் வெளிக்காற்றில் ஈரம் உண்டு. வழியில் உள்ள உலர்த்திக் குடுவையின் சிலிக்கா மணிகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். கார் தாழும்போது பையின் உலர்ந்த காற்று அதே குடுவை வழியே திரும்பி வெளியேறும். போகும்போது மணிகளின் ஈரத்தையும் கொண்டுபோகும். மிக அழகான அமைப்பு இது. ஓட்டை விழுந்த பையில் காற்று ஓட்டையாலேயே போய்விடுகிறது, குடுவைக்குத் திரும்புவதில்லை. மணிகள் நனைந்தபடியே கிடக்க, ஈரம் குழாய்க்கும் வால்வுக்கும் போய்ச் சனவரியில் பனிக்கட்டியாகி அடைக்கும். கம்பிரசரோ ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறிக் கருகும். பை ஓட்டையாக இருக்கப் புதுக் கம்பிரசர் வாங்குவது வீண்செலவு. அதுவும் அதே வழியில்தான் போகும்.

கசிவைப் பிடிக்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கார் நிமிர்ந்து நிற்கும்போது மடிப்பிலும் குழாய் மூட்டுகளிலும் வால்வைச் சுற்றியும் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வால்வின் சிறிய இரப்பர் வளையம் மட்டும் தேய்ந்திருந்தால் சில டொலர்களோடு காரியம் முடியும். மடிப்பில் குமிழி வந்தால் ஒட்டுப் போடவேண்டாம். ஓயாமல் மடியும் இடத்தில் எந்தப் பசையும் நிற்காது. பை மாற்றத்தான் வேண்டும், சோடியாக மாற்றுவதே சரி, ஏனெனில் மற்றதுக்கும் அதே வயது. சுருள்வில்லுக்கு மாற்றுவோரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்தும் என்பதை அறிந்தே மாற்றவேண்டும்.

கழற்றுமுன் டிக்கிக்குள் இருக்கும் காற்றுவில் சுவிட்சை அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜாக்கில் நிற்கும்போது கணினி தானாக உயரத்தை மாற்றப் பார்க்கும். காற்றை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒருபோதும் படுக்கக்கூடாது, சட்டத்துக்குக் கீழே இரும்புத் தாங்கிகள் வேண்டும். வால்வைச் சற்றுத் திருப்பியதும் முதல் தடுப்பில் காற்று சீறும். முழுவதும் அடங்கியபின்தான் மேலும் திருப்பி எடுப்பது. புதுப் பையின் மடிப்பு சீராக உட்கார்ந்திருக்கவேண்டும். வெறும் பையின் மேல் காரின் பாரத்தை இறக்கினால் மடிப்பு நசுங்கி, புதுப் பையே அன்றைக்குப் பழுதாகும். எனவே ஜாக்கில் பாரத்தைத் தாங்கியபடியே கொஞ்சம் காற்றேற்றிப் பிறகு மெல்ல இறக்குவார்கள். அதன்பின் மூட்டுகளில் மறுபடி சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, சக்கர வளைவின் உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதிவைத்து, மறுநாள் காலை எஞ்சினை எழுப்புமுன் திரும்ப அளந்து பார்க்கவேண்டும்.