தருமபுரிக்கு வந்த காவிரி ஜலம்

அசுத்தமான குடிநீர் என்றவுடன் கலங்கலையும் கிருமியையுமே நினைத்துப் பழகிவிட்ட நமக்கு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமவாசிகளை நெடுங்காலமாக வாட்டிய ஜலம் பார்வைக்குத் தெளிந்ததாயும், வாசனையற்றதாயும், நாவுக்குக் குறையொன்றும் தோன்றாததாயும் இருந்தது என்றால் நம்புவது கடினமே. அதில் கரைந்திருந்த தோஷம் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டிய இந்த உப்பு, அந்த அளவை மீறிய நீரைப் பால்யத்திலிருந்து பருகுகிறவர்களின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏற்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பில் படிந்து, முதுகை வளைத்து, மூட்டுகளை மடக்கவொட்டாமல் செய்துவிடுகிறது. காய்ச்சிக் குடித்தால் போகாதா என்பார்கள். போகாது, நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இந்த வியாதி நம் வைத்தியர்களுக்குப் புதிதன்று. அந்நாளைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இதைக் கண்டறிந்து 1937-லேயே எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசத்தின் அடித்தளமான கருங்கல் ஜாதிப் பாறைகளில் ஃப்ளோரின் அடங்கிய தாதுக்கள் உண்டு; அப்பாறைகளின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீர், சுண்ணாம்புச் சத்து குன்றிக் காரத்தன்மை மிகுந்திருக்குமானால், அந்த உப்பைத் தாராளமாகக் கரைத்துக்கொள்கிறது. திறந்த கிணறுகளாலும் குளங்களாலும் பரவிய காலராவுக்கும் நரம்புச் சிலந்திக்கும் அஞ்சி ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டியது நியாயமான காரியமே. ஆயினும், ஒரு நோயை விரட்டப் புறப்பட்டவர்கள், இத்தகைய பாறை பூமியில் மற்றொன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியச் செய்யும் 'நல்கொண்டா முறை' 1970-களில் நாகபுரியில் உருவாயிற்று. சிக்கனமான முறைதான், ஆனால், நாள்தோறும் அளவு பிசகாமல் மருந்து கலப்பதும், அடியில் தங்கும் கசடை அகற்றுவதும் யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் கிராமங்களில் எளிதில் விடை கிடைப்பதில்லை. ஆகவே, நிலத்தடி நீரைச் சுத்திகரிப்பதைவிடக் காவிரி ஆற்று நீரையே கொண்டுவந்து சேர்ப்பது மேல் என்ற முடிவின்படி, 2008-ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-இல் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

நல்ல தண்ணீர் வாசலுக்கு வரும்போது முதலில் மாறுவது பெண்களின் பொழுது. பதினைந்து லிட்டர்க் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ. அதை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சுமந்து, காலையில் நான்கு நடை, மாலையில் மூன்று நடை என்று நடந்தவளுக்கு அந்த நேரம் மிச்சமாகிறது. தாய்க்குத் துணையாகக் குடத்தைத் தூக்கிய பெண் குழந்தை பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடிகிறது. ஆனால் குழாய் நட்டதனால் மாத்திரம் இந்தச் சௌகரியம் கிட்டிவிடாது. தண்ணீர் எப்போது வருமென்று தெரியாவிட்டால், நடந்து கழித்த நேரத்தைக் காத்துக் கழிக்க நேரும். அதனால், குழாய்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், தண்ணீர் விடும் நேரம் தவறாமையையே நான் பெரிதாக மதிப்பேன்.

அடுப்பங்கரையில் மற்றொரு விஷயம் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணி ஒரு குடத்தில், போர் தண்ணி மற்றொரு குடத்தில் என்று பிரித்து வைத்து, முன்னதைக் குடிப்பதற்கும் பின்னதைச் சோறு வடிக்கவும் குழம்பு கூட்டவும் உபயோகிக்கும் வீடுகள் உண்டு. அரிசியும் பருப்பும் வேகும் நீரை உறிஞ்சிக்கொள்வதால், குடிநீரில் தவிர்த்த ஃப்ளோரைடு சோற்றின் வழியே உள்ளே போய்விடுகிறது. ஆற்று நீர் குறைந்த நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விட்டாலும், விளைவு இதுவே. பாலும் கீரையும் போதிய அளவு கிடைக்காத ஏழைக் குழந்தைகளின் தேகத்தையே இந்த உப்பு அதிகமாகப் பீடிக்கிறது.

பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகிவிடுவதால், அதற்குள் ஏறிய கறை பிற்பாடு நல்ல நீர் குடித்தாலும் மறையாது. வளைந்த முதுகும் நிமிராது. எனவே இத்திட்டத்தின் பலனைப் பெரியவர்களிடம் தேடுவதில் பயனில்லை. குழாய் வந்த பின் பிறந்த பிள்ளைகளின் பல் வரிசையில்தான் பார்க்க வேண்டும். ஆகையால் அம்மாவட்டங்களின் தாய்மார்கள் சோற்றுப் பானைக்கும் காவிரி நீரையே வார்க்க வேண்டும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் தேதி கூடும் கிராம சபையில், தங்கள் தெருக் குழாய் நீரின் ஃப்ளோரைடு அளவு இன்னதென்று எண்ணால் சொல்லும்படி ஊராட்சி மன்றத்தைக் கேட்க வேண்டும்.