வீடும் வாசலும் – 11: தரையிலிருந்து தொடங்கும் கூடம்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் இன்று புது வீடு கட்டுகிறவர்கள் பலர், பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே சோபாவுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். 'எல்' வடிவ சோபா அதில் இரண்டு சுவரை அடைத்துக்கொள்ளும். நடுவில் கண்ணாடி டீப்பாய், எதிரே டி.வி.க்கு ஒரு பலகை அலங்காரம், தலைக்கு மேல் ஃபால்ஸ் சீலிங். எல்லாம் வந்து இறங்கிய பிறகு, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்க வீட்டுப் பெரியவருக்கு இடம் இருக்காது.

கூடம் வந்தவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அதில் காலை நீட்டி உட்காரவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று பலரும் முடிவுகட்டி, கூடத்தை விருந்தாளிக்கும் படுக்கையறையைத் தங்களுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் அந்தப் பிரிவினை இல்லை. போன வாரம் பார்த்த திண்ணையைத் தாண்டினால் தார்சா, அதற்கு அப்பால் பட்டாசல் என்கிற கூடம். பட்டாசலில் இருக்கும் சாமான்களை எண்ணிவிடலாம்: ஓர் ஊஞ்சல், ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் மாடக்குழி, மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள். மீதி எல்லாம் தரை. அந்தத் தரைதான் அறையின் அழகு, அதுவே இருக்கை, அதுவே படுக்கை.

அந்தச் சிவப்புத் தரை எப்படி வந்தது என்பதைப் பழைய கொத்தனார்கள் வாயால் கேட்க வேண்டும். கெட்டியான அடித்தளத்தின் மேல் சிமென்டோடு ரெட் ஆக்சைடு பொடியைக் கலந்து மெல்லிய பூச்சாகப் பூசுவார்கள். பூச்சு இறுகத் தொடங்கும் நேரம் பார்த்துக் கரணையால் தேய்ப்பார்கள். சீக்கிரம் தேய்த்தால் தண்ணீர் மேலே வரும், தாமதித்தால் பளபளப்பு ஏறாது. ஓர் அறையை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால், ஒட்டிய இடம் கோடாகக் கடைசிவரை தெரியும். பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். வருடங்கள் போகப் போக, தேங்காய் எண்ணெய்த் துணியும் நடக்கிற பாதங்களும் அதற்கு மெருகு ஏற்றும். அடித்தளம் அசைந்தால் விரிசல் விடும் என்பது உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் அதன் மேல் கால் வைத்தவர்கள் அந்த விரிசலைப் பெரிதாகச் சொல்வதில்லை. டைல்ஸ் வந்தபின் இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இது பெரிய இழப்பு.

ஏற்கெனவே டைல்ஸ் போட்டுவிட்டவர்கள் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. மேலே விரிக்கப் பாய் நெய்து தரத் தாமிரபரணிக் கரையில் பத்தமடை இருக்கிறது.

2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை ராயகிரிக்கும் பத்தமடைக்கும் ஒரே மாவட்டம், திருநெல்வேலி. பத்தமடைப் பாய்க்கு ஆற்றோரம் விளையும் கோரைதான் மூலப்பொருள். பச்சையாக அறுத்துக் கிழித்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். தறி தரையோடு கிடக்கிறது. நெசவாளி அதன் மேல் உட்கார்ந்து, நீண்ட குச்சி ஊசியில் கோரையைக் கோத்து பாவு நூல்களுக்கு இடையே செலுத்துகிறார். ஒவ்வோர் இழையையும் நெருக்கி அடித்த பிறகுதான் அடுத்தது. சாதாரணப் பாய்க்கு முரட்டுக் கோரை போதும். நூறு பாவுக்கு மேல் போகும் பட்டுப் பாய்க்குக் கோரை நூல் கனத்துக்கு வர வேண்டும். கையில் எடுத்தால் துணியைப் போல மடங்கும். கல்யாணப் பாயில் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்த்தே நெய்வது இன்றும் வழக்கம். புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பாயைப் பலர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். மாட்டட்டும். ஆனால் நடுத்தர ரகம் ஒன்றைக் கூடத்தின் நடுவில் விரித்தால், வெள்ளை டைல்ஸின் கண்கூச்சம் அடங்கும். அறைக்கு ஒரு மையமும் கிடைக்கும். கூட்டம் சேரும் நாளுக்குப் பவானி ஜமக்காளம் ஒன்று சுருட்டி வைத்திருந்தால் போதும்.

தரையில் உட்கார எல்லாராலும் முடியாது. முழங்கால் வலிக்காரருக்குப் பதினெட்டு அங்குல உயர இருக்கையும் கைப்பிடியும் உள்ள நாற்காலி கட்டாயம் வேண்டும். மற்ற இருக்கைகள் அதைவிடத் தாழ்வாக இருக்கலாம். இருக்கை தாழ்ந்தால் கூரை உயர்ந்ததாகத் தோன்றும்; பத்தடிக் கூடத்துக்கு இதைவிட மலிவான உபாயம் வேறில்லை. இருக்கையைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடும் வழியும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து 1945-ல் இந்தியா வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் குடியேறிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அதைத் தாராளமாகச் செய்தார். அங்கே தம்பானூரில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்ந்தவை. தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு காபி குடித்துவிட்டுப் பார்த்து வரலாம். சன்னலடியில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு மேடை கட்டி மெத்தை போட்டால், மூன்று பேர் அமரும் சோபா ஒன்று மிச்சம்.

கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) தமக்கென்று அமைத்துக்கொண்ட வீடு, சாமான் குறைந்தால் அழகு கூடும் என்பதற்கு வேறு வகைச் சான்று. வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, ஆங்காங்கே மேலிருந்து இறங்கும் வெளிச்சம். அந்த வெறுமையில் செட்டிநாட்டு மரத்தூண்கள் நிற்கின்றன. சுற்றிலும் இடம் விட்டிருப்பதால்தான் தூணின் கடைசல் வேலை கண்ணில் படுகிறது.

ராயகிரிக் கூடத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். காருகுறிச்சி மண்பானை ஒன்று, வாகைக்குளத்துப் பித்தளை விளக்கு ஒன்று, அம்பாசமுத்திரத்து மரச் செப்பு நாலைந்து. மூன்றையும் ஒரே ஷோகேஸில் அடைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி மூலையோ மாடமோ கொடுக்கலாம்.

விளக்கு விஷயத்தில்தான் பெரும்பாலான கூடங்கள் கெடுகின்றன. எல்.இ.டி. பெட்டியில் 6500கே என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. படிக்க, துணி தைக்க உதவும். மாலையில் பேசிக்கொண்டிருக்க 2700 அல்லது 3000கே போதும். ஃபால்ஸ் சீலிங்குக்குப் போகும் பணத்தில் கால்வாசி, மூலைக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் விளக்குக்கும் தனித்தனி சுவிட்சுக்கும் போதும். ஃபால்ஸ் சீலிங் இல்லையென்றால் ஊஞ்சலுக்கும் வழி பிறக்கும். ஆனால் கொக்கியைக் கான்கிரீட் போடும்போதே உத்தரத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டச் சொல்ல வேண்டும். ஆடுவதற்கு முன்னும் பின்னும் இடம் விட மறந்தால் அது துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

மலையடிவார ஊர்களில் மழைக்காலத்தில் கோரையில் பூஞ்சை பிடிக்கும். பாயை ஈரத்தோடு சுருட்டக் கூடாது. நிழலில் காற்றாட விரித்துப் பிறகு சுருட்டலாம், மடிக்கக் கூடாது. அழுக்குப் பட்டால் நனைத்துப் பிழிந்த துணியால் கோரையின் போக்கிலேயே துடைத்தால் போதும். பெயர் நெய்த பட்டுப் பாய் வேண்டுவோர், கடையில் கிடைக்கும் என்று காத்திருக்காமல், முகூர்த்தம் குறித்த கையோடு பத்தமடைக்குச் சொல்லிவிடுவது நல்லது. நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

(அடுத்த வாரம்: அடுப்பங்கரை)