தாய் மலையேறினால் சேய் யார் மடியில்?

பொழுது புலரும்முன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் வண்டிகள் மலையேறத் தொடங்குகின்றன. கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் சகோதரிகள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கின்றனர். பாட்டி இருக்கும் வீட்டில் கவலையில்லை. பாட்டி இல்லாத வீட்டிலோ, மூத்த பெண் பள்ளியை மறந்து தம்பியை இடுப்பில் சுமக்கிறாள்.

சட்டம் இக்குறையை அறியாததன்று. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களேனும் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைத்தல் நிர்வாகத்தின் கடமை என விதித்தது. பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருத்தல் வேண்டுமென்றும் கூறிற்று. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்திலும் காப்பகக் கடமை இடம்பெற்றுள்ளது. மூணாறு, பீருமேட்டின் பெரிய தேயிலைத் தோட்டங்களுக்கு இவ்விதி பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்யும் சிறு ஏலத்தோட்டம் இதற்குள் அடங்குவதில்லை.

எஞ்சி நிற்பது அரசின் அங்கன்வாடியே. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய திட்டம் இது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வாயிலாக இலவச உணவு உரிமையாகும். பிறந்த மாநிலம் எதுவென்று அச்சட்டம் வினவவில்லை. ஆதலால் இடுக்கித் தோட்ட லயங்களிலும், நெல்லியாம்பதியிலும், கஞ்சிக்கோட்டிலும் குடியிருக்கும் நம் குடும்பத்தார் தயங்க வேண்டுவதில்லை.

எனினும் ஒரு குறை உண்டு. 3 வயது நிரம்பிய பிள்ளையே அங்கன்வாடியில் அமர்ந்து பயிலும். அதற்குக் குறைந்த குழந்தைக்குக் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் ‘அமிர்தம்’ சத்துமாவு வீட்டுக்கு வழங்கப்படுகிறது. மாவு கிடைக்கிறது, மடி கிடைப்பதில்லை. நேரமும் ஒத்துவருவதில்லை, ஜீப் புறப்பட்டு நெடுநேரம் சென்ற பின்னரே அங்கன்வாடியின் கதவு திறக்கிறது.

இக்குறை தீர்க்க, 2022-இல் மத்திய அரசு ‘பால்னா’ என்னும் திட்டத்தின்கீழ் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கு வழிவகுத்தது. 2006-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையும் நமக்குத் துணை. 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பினர் கேட்டால், 3 மாதத்துக்குள் அமைத்துத்தர வேண்டுமென்பது அவ்வாணை.

அன்பர்களே, கேளாத உரிமை ஏட்டிலேயே உறங்கும். லயந்தோறும் குழந்தைகளின் பெயரும் வயதும் எழுதி, தாய்மார் கையொப்பத்துடன் பஞ்சாயத்துக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் விண்ணப்பம் அளிப்போம். தம்பியைச் சுமக்கும் அச்சிறுமியின் இடுப்பிலிருந்து பாரம் இறங்கட்டும்; அவள் கையில் புத்தகம் ஏறட்டும்.