உங்களுக்குத் தெரியுமா? வளையைப் பார்த்தே பாம்பைச் சொல்பவர்கள்

எக்ஸ்-மென் காமிக்ஸில் ஜெனோஷா என்றொரு தீவு நாடு வரும். அபூர்வ சக்தி உள்ளவர்களை அடிமையாக்கி, அவர்கள் உழைப்பிலேயே செழித்த கற்பனை தேசம். 1988-ல் அச்சில் வந்தது. படித்ததும் எனக்கு, அபூர்வத் திறமை இருந்தும் ஒதுக்கப்படும், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினர்தான் நினைவுக்கு வந்தார்கள்.

திருவண்ணாமலை கிரிவலத்தில் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது பாதையோரம் ஒரு வளை தென்பட்டால், நமக்கு அது வெறும் பொந்து. இருளர் குனிந்து பார்ப்பார். வாயோரம் மண் வழவழப்பாக இருந்தால் உள்ளே ஆள் உண்டு. சிலந்தி வலை கட்டியிருந்தால் அடுத்த வளைக்கு நகர்ந்துவிடுவார்.

1978-ல் சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலும் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு போட்டு, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது.

இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே போய், இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இதே சமூகத்தின் மீதுதான் ஊரில் எது காணாமல் போனாலும் முதல் சந்தேகம் விழுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. நம் உயிரைக் காக்கும் மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களின் பிள்ளைகள், பள்ளியில் காட்ட ஒரு சாதிச் சான்றிதழுக்காக அலைவது எனக்குத் தாங்கவில்லை.