இயர்போன் வாங்கப் போகும் தம்பதியருக்கு



குடும்ப நலம் என்றால் பிள்ளைப்பேறு, தடுப்பூசி, சத்துணவு இவை மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். மனைவி சொல்வது கணவனுக்கும், கணவன் சொல்வது மனைவிக்கும் தெளிவாகக் காதில் விழுவதும் குடும்ப நலந்தான். இப்போது வீட்டுக்கு இரண்டு மூன்று செல்போன் இருக்கிறது. போனுக்கு ஒரு இயர்போனும் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ரோட்டோரக் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்கிறோம். எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது, எவ்வளவு நேரம் கேட்பது என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகிறது.

நான் கண்ட ஒரு குடும்பம்

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையம். தடுப்பூசி நாள். எட்டு மாதக் கைக்குழந்தையுடன் ஒரு தாய் வந்திருந்தார். கணவரும் கூடவே வந்திருந்தார். ஊசி போட்டு முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"சார், இவருகிட்ட நீங்களே கேளுங்க. நான் எது சொன்னாலும் கண்டுக்கறதே இல்லீங்க. ராத்திரி கொழந்த அழுதாக்கூட எந்திரிக்கறதில்லீங்க."

"ஏனுங் சார், அவ வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பேசறாளுங்க. வெளங்கினாத்தானுங்க பதில் சொல்ல முடியும்?" என்றார் கணவர்.

அவர் பதினோரு வருடமாக விசைத்தறி ஓட்டுபவர். கழுத்தில் இயர்போன் தொங்கியது. "தறிக் குடோனிலும் இதைப் போட்டுக்குவீங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க சார். தறிச் சத்தத்துல ஃபுல்லா வெச்சாத்தானுங்க பாட்டு கேக்குது" என்றார்.

திருப்பூருக்கு அனுப்பிக் காதுப் பரிசோதனை செய்ததில், இரண்டு காதிலும் மெல்லிய, கூர்மையான ஓசைகள் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அதற்கு மருந்து இல்லை. இருப்பதைக் காப்பாற்றிக் கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த முறை பார்த்தபோது அந்த அம்மா சொன்னார்: "காது கேக்காமத்தான் பேசாம இருந்தாருன்னு தெரியாம எத்தன நாளு கோவிச்சுக்கிட்டு இருந்தனுங்க சார்." அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

காது எப்படிக் கெடுகிறது?

வெளியிலிருந்து வரும் ஓசை செவிப்பறையை அதிரச் செய்கிறது. மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன. உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. அவைதான் ஓசையை மூளைக்குச் சொல்லி அனுப்புகின்றன.

காட்டில் சோளப் பயிர் காற்றுக்குச் சாய்ந்து மறுபடி நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சூறைக்காற்று ஓயாமல் அடித்தால் ஒடிந்து விழுகிறது. மயிரணுக்களும் அப்படித்தான். சோளத்தை மறு வருடம் விதைக்கலாம். ஒடிந்த மயிரணு மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். ச, ஸ, த, ப போன்ற எழுத்துகளின் ஓசை மங்கும். ஆகவே, "பேசுவது கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை" என்ற நிலை வரும். வலி இருக்காது, சீழ் வராது. அதனால் நோய் என்றே தெரிவதில்லை. எதிரே இருப்பவர் சரியாகப் பேசவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இது புதிதாக வந்த நோயல்ல. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நெசவாளர்கள் தறிச் சத்தத்தில் செவிடாகி, உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். மங்கலத்திலும் பல்லடத்திலும் சோமனூரிலும் தறி ஓட்டுபவர்கள் கைச்சாடை காட்டிப் பேசிக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

சத்தக் கணக்கு

சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். விசைத்தறிக் குடோனில் 90-ஐத் தாண்டுவது வழக்கம். செல்போனை முழுச் சத்தத்தில் வைத்தால் இயர்போனில் 100-ஐயும் தாண்டக்கூடும்.

3 டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது:

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்.
90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்.
95 டெசிபல் என்றால் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்.
100 டெசிபல் என்றால் வாரத்துக்கு 20 நிமிஷம்.

ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு என்பதைக் கவனியுங்கள். சிறுவர்களுக்கு 75 டெசிபலுக்கு மேல் கூடாது. போனில் ஒலி அளவை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

நல்ல கருவி எதற்கு?

"பாட்டு கேக்கத்தானே, அம்பது ரூவா செட்டு போதாதா?" என்று கேட்கலாம். மட்டமான இயர்போனில் தடதடவென்ற அடிச் சத்தம்தான் தூக்கலாக இருக்கும். பேச்சு கரகரவென்று வரும். சொல் விளங்காததால் சத்தத்தை ஏற்றுகிறோம். காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் வெளிச்சத்தம் உள்ளே வருகிறது. அதை அமுக்க மறுபடியும் ஏற்றுகிறோம். நல்ல கருவி என்பது குறைந்த சத்தத்திலேயே சொல் விளங்கும் கருவி. விலை அதிகம், பெயர் பெரிது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வகைகள்

காதுமடலில் சும்மா தொங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் இயர்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. பஸ்ஸில் இதைப் போட்டால் சத்தத்தை ஏற்றாமல் கேட்க முடியாது.

ரப்பர் முனை கொண்டது காதுக் குழாயை மூடிக்கொள்ளும். குறைந்த ஒலியே போதும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பல அளவில் முனைகள் தருவார்கள். கணவன் காதும் மனைவி காதும் ஓர் அளவல்ல. ஒருவருக்கே வலது காதும் இடது காதும் வேறுபடுவதுண்டு. போட்டுப் பார்த்துத்தான் முனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காதை முழுவதும் மூடும் ஹெட்போன் காதுக் குழாய்க்குள் போகாது. வீட்டில் உட்கார்ந்து கேட்க நல்லது. வெயில் காலத்தில் வியர்க்கும்.

கழுத்தில் மாட்டும் நெக்பேண்டும் சின்ன பட்ஸும் ப்ளூடூத்தில் வேலை செய்பவை. "அந்தக் கதிர் மூளையக் கெடுக்குமாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். ப்ளூடூத் அலையின் வலு, காதோடு ஒட்டிப் பேசும் போனின் அலையைவிட மிகக் குறைவு. பயப்பட வேண்டியது சத்தத்துக்குத்தான்.

வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி உள்ள கருவி, ஒரு சிறு மைக்கில் வெளியோசையை வாங்கி அதற்கு எதிரான அலையை உண்டாக்குகிறது. பஸ் இன்ஜின், மின்விசிறி போன்ற ஒரே சீரான இரைச்சலை இது நன்றாகக் குறைக்கும். திடீர்ச் சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

1. இருவரும் சேர்ந்து போங்கள். உங்கள் போனில் உருண்டைத் துளை இருக்கிறதா, சார்ஜர் துளை மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

2. நன்கு தெரிந்த ஒருவர் பேசிய பதிவைப் பாதிச் சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும்.

3. இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா, கரகரப்பு உண்டா என்று பாருங்கள்.

4. மனைவி கடைக்கு வெளியே நின்று கணவருக்குப் போன் செய்யட்டும். இரு பக்கமும் பேச்சு தெளிவாக இருந்தால் மைக் நன்று.

5. தலையை ஆட்டிப் பாருங்கள். கழன்று விழவும் கூடாது, அழுத்தி வலிக்கவும் கூடாது.

6. கம்பி இயர்போன் என்றால், கம்பி பின்னோடு சேரும் இடம் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அறுவது அங்கேதான்.

7. கம்பியில்லாத கருவிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியில் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டு, உண்மையா போலியா என்று அறியலாம்.

8. பில், வாரண்டி அட்டை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை செய்யும் இடத்தில்

தறிக் குடோனில் இயர்போனில் பாட்டுக் கேட்காதீர்கள். தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டு அதைவிடப் பலமாக இருக்க வேண்டும். அது காதுக்குப் பாதுகாப்பு ஆகாது, இரட்டைச் சுமைதான் ஆகும். அங்கே வேண்டியது காது அடைப்பான். பஞ்சு போன்ற நுரை அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். வெறும் பஞ்சை அடைத்தால் பயன் குறைவு.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் சத்தம் தறியைவிடக் குறைவுதான். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முழுவதும் காதில் மாட்டியிருந்தால் நேரக் கணக்கு ஏறிவிடுகிறது. கம்பி மெஷினில் சிக்கும் ஆபத்தும் உண்டு. மணிக்கொரு தரம் கழற்றிக் காதுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். மொபெட், பைக் ஓட்டும்போதும், ரயில் பாதையைக் கடக்கும்போதும் காதில் எதுவும் வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்

ஆறாம் மாதத்தை ஒட்டி வயிற்றுக் குழந்தை ஓசையைக் கேட்கத் தொடங்குகிறது. தாய் காதை அடைத்துக்கொண்டால் தாய்க்குத்தான் பாதுகாப்பு, குழந்தைக்கு இல்லை. ஆகவே கர்ப்பிணிகள் பேரிரைச்சல் உள்ள இடத்தில் வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். சத்தம் குறைந்த வேறு வேலைக்கு மாற்றிக் கேளுங்கள். பாட்டுக் கேட்கட்டும் என்று வயிற்றின் மேல் ஹெட்போன் வைப்பதும் வேண்டாம்.

அழும் குழந்தையை அடக்க அதன் காதில் இயர்போன் மாட்டாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒலி வரம்பு உள்ள ஹெட்போனையே வாங்குங்கள். பல போன்களில் ஒலி வரம்பு வைக்கும் வசதியும் உண்டு.

சுத்தமும் ஜாக்கிரதையும்

நம் ஊரில் பஞ்சுத் தூசி எங்கும் படிகிறது. இயர்போன் வலையில் படிந்தால் ஓசை மங்கும். நாமும் சத்தத்தை ஏற்றுவோம். வாரம் ஒரு முறை ரப்பர் முனையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். வலையை உலர்ந்த மெல்லிய பிரஷால் துடையுங்கள். ஒருவர் இயர்போனை மற்றவர் போடக் கூடாது. கணவன் மனைவிக்கும் இது பொருந்தும். காதில் சீழ் வடியும்போது இயர்போன் போடவே கூடாது. ஊக்கு, கோழி இறகு, தீக்குச்சி கொண்டு காதைக் குடையாதீர்கள். போன் சார்ஜில் இருக்கும்போது கம்பி இயர்போன் மாட்டாதீர்கள். மட்டமான சார்ஜரில் மின்சாரம் கம்பி வழியாக உடம்பில் பாயலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது?

பாட்டு நின்ற பிறகும் காதில் 'ஙொய்' என்ற இரைச்சல், டிவி சத்தத்தை வீட்டார் குறைக்கச் சொல்வது, "என்ன, என்ன" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கு உடனே மருந்து கொடுத்தால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. தள்ளிப்போட்டால் வாய்ப்புக் குறையும்.

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். அங்கிருந்து திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தையும் அணுகலாம்.

இன்றிரவே ஒரு சோதனை

வீட்டில் சந்தடி அடங்கியதும் ஒருவர் இயர்போனில் வழக்கமான சத்தத்தில் பாட்டு வையுங்கள். மற்றவர் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசுங்கள். பேசுவது காதில் விழாவிட்டால் சத்தம் அதிகம். விழும் வரை குறையுங்கள். அந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏற்றாதீர்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பாட்டு நாளைக்கும் இருக்கும். காது போனால் வராது.
காது காப்போம்! பேச்சும் சிரிப்பும் நிறைந்த குடும்பம் காண்போம்!